மீட்டர் பெட்டிக்கு மேல் ஒரு சாவி

விடியும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஆளேற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறுகின்றன. மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். ஜீப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, தமக்குத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மூடிவைத்துவிட்டு வந்தவர்கள். வீட்டுக்காரர் வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பிவிடுவார். எட்டரை மணிக்குக் கதவை இழுத்துப் பூட்டுவது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை. மாலையில் முதலில் வந்து திறப்பதும் அதே பிள்ளைதான்.

அந்தச் சாவி பகல் முழுக்க எங்கே இருக்கிறது? மீட்டர் பெட்டிக்கு மேலே. ஜன்னல் விளிம்பில். கவிழ்த்துவைத்த ஆட்டுக்கல் குழவிக்கு அடியில். பழைய வீடென்றால் வாசலோர மாடக்குழியில். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த இடம். தெருவுக்குப் புதிதாக வந்தவனும் அரை நாளில் கண்டுபிடித்துவிடக்கூடிய இடம்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். திருட்டு நடந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வதும் அதைத்தான்: "சாவிய வெளிய வச்சுட்டுப் போனா இப்படித்தான்." ஆனால் நாலரை மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வந்து நிற்கும்போது தாய் மலை மேல் இருக்கிறாள். சாவியைப் பையில் கொடுத்தனுப்பினால் விளையாட்டு மைதானத்தில் தொலைந்துவிடும். மூன்று பேர் மூன்று நேரத்தில் வந்துபோகிற வீட்டில் சாவிக்கு ஒரு பொது இடம் தேவைப்படுகிறது. இது வேலையின் அமைப்பிலிருந்து வரும் பழக்கம். ஆடி, ஆவணி தொடங்கி தை, மாசி வரை ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் இந்த ஊர்களின் தெருக்கள் பல பகலில் ஆளரவமற்றுக் கிடக்கின்றன.

வெளியூர் போனால் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள் என்று காவல்துறை ஒவ்வொரு விடுமுறைக்கும் அறிவிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஊட்டிக்கோ திருப்பதிக்கோ நான்கு நாள் போகிற குடும்பத்துக்கு அது உதவும். வருடத்தில் பாதி நாள், தினமும் எட்டு மணி நேரம் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்காரி எந்த நிலையத்தில் போய் என்ன சொல்வாள்? பூட்டிய வீடு என்றதும் உல்லாசப் பயணம் போனவர் வீடு மட்டுமே நினைவுக்கு வருவதில்தான் பிழை தொடங்குகிறது.

சட்டத்தின் பார்வையும் இரவின் மேலேயே இருக்கிறது. திருடுவதற்காகப் பகலில் வீடு உடைத்து நுழைந்தால் பத்தாண்டு வரை தண்டனை. சூரியன் மறைந்த பிறகு உடைத்தால் பதினான்கு ஆண்டு வரை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த வேறுபாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 331ஆவது பிரிவில் தொடர்கிறது. வீட்டுக்குள் ஆள் உறங்கும் நேரத்தில் நுழைவது கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ரோந்தும் அதே கணக்கில் இரவுக்கு மட்டும் பலமாக இருந்தால், பகலில் காலியாகும் தெருக்களை யார் பார்ப்பது?

பழைய சட்டத்தின் 445ஆவது பிரிவு படிக்கச் சுவையானது. எவையெல்லாம் வீடு உடைப்பு என்று சொல்லி அது உதாரணங்கள் தருகிறது. முதல் உதாரணம் சுவரில் துளை போடுவது. நம் ஊர் வழக்கில் கன்னம் வைப்பது. கதவு ஓட்டைக்குள் கம்பி விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது இன்னொன்று. இவற்றுக்கிடையே வருகிறது ஒரு சாவி: வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவன், அதைக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனால் அதுவும் வீடு உடைப்பே. ஒரு கீறல்கூட விழாத கதவும் உடைக்கப்பட்ட கதவுதான். மீட்டர் பெட்டிச் சாவியை எடுத்துத் திறந்தவன்மேல் வழக்கு நிற்காதோ என்று தயங்கிப் புகார் கொடுக்காமல் இருக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

பூட்டைப் பற்றிப் பேசினால் பக்கத்து மாவட்டத்தைச் சொல்லாமல் முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகர், நல்லாம்பட்டி பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்யப்படும் லீவர் பூட்டுகள் அவை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஒரு தகட்டின் உயரம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது. தகடு எத்தனை என்பதுதான் பூட்டின் தரம். அலிகாரிலிருந்து வரும் விலை மலிந்த பூட்டுகளோடு போட்டிபோட முடியாமல் இந்தத் தொழில் சுருங்கிவருவது வேதனையான செய்தி.

ஆனால் கம்பத்திலும் சின்னமனூரிலும் திருடன் தகடுகளோடு மல்லுக்கட்டுவதில்லை. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், அதுவரை யாராலும் திறக்க முடியாதிருந்த பிராமா பூட்டைச் சாவியில்லாமல் திறந்து காட்டி 200 கினி பரிசு வாங்கினார். அவருக்குப் பதினாறு நாளில் 51 மணி நேரம் பிடித்தது. இங்கே கடப்பாரையைக் கொண்டிக்குள் விட்டு ஒரு நெம்பு, முடிந்தது. பூட்டு பூட்டியபடியே தரையில் கிடக்கும். நாளிதழ்கள் "பூட்டை உடைத்து" என்று எழுதினாலும் பெயர்ந்து வருவது பல நேரம் கொண்டியும் நாதாங்கியும்தான். அரை அங்குலத் திருகாணி இரண்டை மென்மரக் கதவில் முடுக்கி, அதன்மேல் எண்ணூறு ரூபாய்ப் பூட்டைத் தொங்கவிடுகிறோம். மழைக்காலத்தில் கதவு ஊறி, வெயிலில் சுருங்கி, திருகாணி ஓட்டை தளர்ந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

செலவு செய்யக் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் அதைப் பூட்டுக்கு முன் நாதாங்கிக்குச் செய்ய வேண்டும். திருகாணிக்குப் பதிலாகக் கதவின் ஊடே போய் உள்பக்கம் நட்டு முடுக்கிய போல்ட். பூட்டினால் போல்ட் தலை வெளியே தெரியாத கொண்டி. வெல்டிங் பட்டறைக்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை. முன்வாசலில் கேமரா மாட்டிவிட்டுக் கொல்லைக் கதவை ஒரு மரத்தாழ்ப்பாளோடு விடுகிற வீடுகளுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சாவி தொலைந்தால் நகல் போடுவதோடு நிறுத்தாமல் பூட்டையே மாற்றுவதும் அவசியம். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்தலாம். தூசியைச் சேர்த்துத் தகடுகளை ஒட்டவைப்பது அந்த எண்ணெய்தான். பென்சில் கரித்தூள் போதும்.

பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழும் வீட்டில் நடக்கும் பதற்றத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கதவை உதைத்தால் அது பின்னால் நிற்கும் குழந்தைமேலேயே விழும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடித்தால் வந்து திறந்துவிடுவார்கள். தீ பிடித்தால்தான் அவர்களை அழைக்க வேண்டும் என்ற எண்ணம் ஊர்ப்புறத்தில் இன்னும் போகவில்லை.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தரப்படுகிறது. 360 சதுர அடி வீடு. குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும் குடும்பம் கடைசித் தவணைக்குள் கதவுக்கு வரும்போது கையில் காசு இருக்காது. கிடைத்த கதவைப் போட்டு, கிடைத்த கொண்டியை அடித்துக் குடிபுகுவார்கள். கம்பி, சிமெண்ட் அளவைப் பரிசோதிக்கிற பொறியாளர் வாசக்காலையும் தாழ்ப்பாளையும் பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளட்டும். கூட்டுறவுச் சங்கம் வழியாகத் திண்டுக்கல் பூட்டு ஒன்றை ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பட்டறைகளிலும் அடுப்பு எரியும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. திருட்டு கூடும்போதெல்லாம் ஒரு கூட்டத்தை ஒட்டுமொத்தமாகச் சந்தேகிக்கும் பேச்சு எழுகிறது. இன்று அது வடமாநிலத் தொழிலாளிகள் மேல் விழுகிறது. இந்த மண்ணுக்கு அதன் விலை தெரியும். ஆங்கிலேயர் கொண்டுவந்த ரேகைச் சட்டம் பிறமலைக் கள்ளர் மக்களைப் பிறப்பாலேயே குற்றவாளி ஆக்கியது. ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்து நின்றவர்களில் 16 பேருக்குக் குறையாமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒரு சாதியைப் பதிவேட்டில் ஏற்றி எந்த வீட்டையும் காத்ததில்லை.

பள்ளத்தாக்கின் தெருக்களில் இன்னும் ஒரு காவல் மிச்சமிருக்கிறது. மலையேற முடியாத வயதில் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுகிற, புளி கொட்டையெடுக்கிற பாட்டிகள். மீட்டர் பெட்டியை நம்பாதவர்கள் சாவியை இவர்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பாட்டியின் சுருக்குப் பையில் நாலைந்து வீட்டுச் சாவி இருக்கும். எது யாருடையது என்று தொட்டே சொல்வார். யார் வந்தது, எந்த வண்டி நின்றது, எந்த வீட்டுப் பிள்ளை காய்ச்சலோடு திரும்பியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பகல் ரோந்து போகிற காவலர் தெருவுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். தன் அலைபேசி எண்ணைப் பாட்டியின் கண்ணுக்குத் தெரிகிற அளவில், கரிக்கட்டியால் அந்தச் சுவரிலேயே பெரிதாக எழுதிவைத்துவிட்டுப் போகட்டும்.