உப்பைத் தாங்கும் றீல்



"ஓமானில் தொழில் பார்க்கும் என் கணவர், இறகால் கட்டிய பொய் ஈயை எறிந்து கடலில் மீன்பிடிக்கப் பழகியிருக்கிறார். மலிவாக வாங்கிய றீல் சில மாதங்களில் இறுகிவிட்டது. இப்போது விலைகூடிய ஒன்றை வாங்கப் போகிறாராம். இது வீண்விரயம் இல்லையா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சகோதரியே, விலையைப் பார்க்குமுன் வேலையைப் பாருங்கள். ஆற்றுச் சிறுமீனுக்கு றீல் என்பது நூல் சுற்றிவைக்கும் உருளை மட்டுந்தான். கடல்மீனோ ஒரே ஓட்டத்தில் 100 மீற்றர் நூலையும் இழுத்துச் செல்லும். அதை அடக்குவது றீலின் பிறேக். அதற்குள் உப்பு புகுந்து இறுகினால் நூல் அறும், மீனும் போகும்.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பிறேக் நீர் புகாதபடி மூடியிருக்க வேண்டும். உடல், வார்த்ததாக இல்லாமல் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்து, அனோடைஸ் செய்ததாக இருப்பது நல்லது. எறியும் நூலுக்கு அடியில் சுமார் 200 மீற்றர் துணைநூல் சுற்ற இடம் வேண்டும். நிறமும் பெயரும் பிறகுதான்.

எந்த றீலும் கவனிப்பின்றி நிலைக்காது. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளே போகும். உருளையைக் கழற்றி நிழலில் உலர்த்தி, பிறேக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில், இந்தக் கவனிப்புக்கும் அவர் உடன்பட்டால், தாராளமாக வாங்கட்டும். கழுவ மனமில்லாதவருக்கு விலைகூடிய றீலும் வீண்விரயமே.