தரிசு திருந்தியது, விலை திருந்தவில்லை

"பட்டணத்து உத்தியோகத்தை உதறினார், பாட்டன் பூமிக்குத் திரும்பினார், லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார்!" பெரிய பத்திரிகைகளில் இப்படியொரு செய்தி அடிக்கடி வருகிறது. படமும் போடுகிறார்கள். தலையில் துண்டு, கையில் தக்காளிக் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. படிப்பவர்களுக்கு என்ன தோன்றும்? விவசாயி கஷ்டப்படுவது அவனுடைய மந்த புத்தியால்தான், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் மண்ணிலே பொன் விளையும் என்றுதானே தோன்றும்?

நிலத்துக்குத் திரும்புகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. தாராளமாகத் திரும்பட்டும். ஆனால் அந்தப் படத்தில் வராத பாதிக் கதை ஒன்று இருக்கிறது. சங்க வேலையாக ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக் கிராமங்களைச் சுற்றி வருகிறவன் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டன் நிலத்தைத் திருத்துவது லேசான காரியமல்ல. சீமைக் கருவேலம் வேரோடிக் கிடக்கும். அதைப் பெயர்க்கும் இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. கிணற்றைத் தூர் வாரவேண்டும். வாரினாலும் ஊற்று இருக்குமா என்பது வேறு விஷயம். பட்டாவோ பாட்டன் பெயரிலேயே இருக்கும். அவருக்கு நாலு பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு பேரப்பிள்ளைகள். வாரிசுச் சான்றுக்கும் உட்பிரிவுக்கும் தாலுகா ஆபீஸ் படியேறியே செருப்புத் தேயும். பட்டா தன் பெயரில் இல்லாதவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குகிறான். வாங்கியவன் விளைச்சலையும் அந்த மண்டிக்கே கொண்டுபோக வேண்டும். விதை ஊன்றும் முன்பே, விலை பேசும் உரிமை கைமாறிவிடுகிறது.

இன்னொன்று. "நிலம் தரிசாகக் கிடந்தது" என்ற பேச்சையும் எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. குடும்பம் பட்டணத்தில் இருந்த இருபது வருஷமும் யாரோ ஓர் ஏழை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுதிருப்பான். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். பேரன் காரில் வந்து இறங்கிய அன்று அவன் வெளியே. அவன் படத்தை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

சரி, நிலம் திருந்தியது, தக்காளியும் காய்த்தது. பிறகு? ஒட்டன்சத்திரம் மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. அங்கே சேரும் சரக்கில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. தக்காளிக்கு 14 கிலோ பெட்டிதான் கணக்கு. வரத்து குவிந்த ஒரு நாளில் பெட்டி 70 ரூபாய்க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். கிலோ 5 ரூபாய். அதில் பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி, இவற்றோடு மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து. மிச்சம் என்ன? வண்டிக்காரருக்குக் கைக்காசு போட்டுக் கொடுக்க நேரும். ரோட்டில் கொட்டாமல் என்ன செய்வான்? பறிக்காமலே ஆட்டை மேயவிட்டவர்களும் உண்டு. அதே தக்காளியைப் பட்டணத்துத் தொழிலாளி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்துத்தான் வாங்குகிறான்.

"தரகர் எதற்கு? நேரே விற்றுக்கொள்ளேன்!" என்று உபதேசம் செய்கிறார்கள். படத்தில் சிரிக்கிறவரால் முடியும். அவருக்குச் சேமிப்பு இருக்கிறது, செல்போனில் வசதியுள்ள சிநேகிதர்கள் இருக்கிறார்கள், ஒரு போகம் போனாலும் அடுப்பு எரியும். பக்கத்து இரண்டு ஏக்கர்காரனுக்கு இதில் எது உண்டு? ஊர் முழுவதும் நேரே விற்கக் கிளம்பினால் வாங்குவதற்கு அத்தனை சிநேகிதர்கள் எங்கே?

உழவர் சந்தை நல்ல ஏற்பாடு. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தது. கமிஷன் கிடையாது, தராசுக்கு வாடகை கிடையாது. அதைக் காப்பாற்றவும் பெருக்கவும் வேண்டும். ஆனால் நாலு கூடைக் கத்தரிக்காயை உட்கார்ந்து விற்கலாம். நூறு பெட்டித் தக்காளியை ஒரு காலைப் பொழுதில் அங்கே விற்க முடியுமா?

நெல்லுக்கு ஆதார விலையும் கொள்முதல் நிலையமும் இருக்கின்றன. எடை போடுவதிலிருந்து பட்டுவாடா வரை அதிலே ஆயிரம் கோளாறு இருந்தாலும், இதற்குக் கீழே போகாது என்ற ஒரு தரை இருக்கிறது. காய்கறிக்கு அந்தத் தரை இல்லை. இருக்க முடியாதா? கேரளத்தில் அன்றைய இடதுசாரி அரசாங்கம் 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கறி, கிழங்கு, பழங்களுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் நூற்றுக்கு 20 கூட்டி விலை வைத்தார்கள். தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய், மரவள்ளிக்கு 12 ரூபாய். பணம் வந்து சேரத் தாமதம் என்ற புகார் அங்கேயும் எழுந்ததுண்டு. எட்டு ரூபாய் பெரிய தொகையுமல்ல. ஆயினும், விலை அதற்குக் கீழே விழுந்தால் சர்க்கார்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார்களே, அதுதான் பெரிய காரியம்! நம் தக்காளியைச் சாப்பிடுகிற ராஜ்யம் செய்ததை, விளைவிக்கிற ராஜ்யம் ஏன் செய்யக்கூடாது?

வருகிற கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். காய்கறிக்கு அடிப்படை விலை. விலை விழும் நாளில் கூட்டுறவுச் சங்கம் மூலம் கொள்முதல். மண்டியில் முன்பணம் வாங்கத் தேவையில்லாதபடி, பட்டா இல்லாத சாகுபடியாளனுக்கும் பயிர்க்கடன். புதிதாக ஊர் திரும்பியவர்களும், அவர்கள் நிலத்தில் இதுவரை உழுதவர்களும் சேர்ந்தே அதில் கையெழுத்துப் போடட்டும்.