உள்ளே இருக்கும் ஈரம்

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்தை அடுத்துக் கரையைக் கடந்தபோது, நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையும் தப்பவில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பகுதிகளில் படகுகள் பல சேதமுற்றன. புயலில் உடைந்த பலகை கண்ணுக்குத் தெரியும். எஞ்சினுக்குள் புகுந்த கடல்நீர் தெரியாது. அதைப் பற்றியே இம்மாதம் பேச விழைகின்றேன்.

மூழ்கிய படகை மீட்டதும், ஓடுகிறதா என்று பார்க்க எஞ்சினை முடுக்குவோர் உண்டு. இதுவே பெருங்கேடு. காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டரில் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழுவித் துடைப்பதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பெருஞ்செலவாகிவிடும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய ஆயிலையும் டீசலையும் முழுவதும் வடித்துவிட வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். பின்னர் நன்னீரால் உப்புப் போகக் கழுவி, ஈரத்தை உலர்த்தி, சிலிண்டர்களில் ஆயில் விட வேண்டும். பில்டர்களை மாற்றிப் புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்து மாற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும்வரை உள்ளே நீர் இருக்கின்றது என்றே பொருள். மெக்கானிக் வரத் தாமதமாகுமானால் எஞ்சினை வெயிலில் காயவைக்கலாகாது. உப்பும் காற்றும் சேர்ந்தால் துரு விரைந்து பற்றும். எஞ்சினை நன்னீரில் மூழ்க வைத்திருப்பதே மேல்.

இனி, இதனினும் முக்கியமான ஒன்று. நீர் புகுந்த எஞ்சினுக்கு மேலே வண்ணம் பூசி, குறையைச் சொல்லாமல் விற்றுவிடும் வழக்கம் உண்டு. வாங்குபவர் பெரும்பாலும் மனைவியின் நகையை அடகு வைத்தே வாங்குகின்றார். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு நீரோட்டத்தின் போக்கில் போகும். பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லை நமக்கு வெகு தொலைவில் இல்லை. எல்லையைத் தாண்டினால் கைதும் சிறையும் காத்திருக்கின்றன.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. தானியத்தின் ஈரத்திற்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஓர் உயிரையே சுமந்து செல்லும் எஞ்சினின் ஈரத்திற்கு எவ்வளவு?

மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு ஷரீஅத் வழங்கியுள்ளது. ஆயினும் கடலில் போன உயிரை யார் திருப்பித் தருவார்?

எனவே விற்பவர் குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். வாங்குபவர், நிறுத்தி வைத்த எஞ்சினின் அடியிலிருந்து சிறிது ஆயிலை வடித்துப் பார்க்கட்டும். நீர் இருந்தால் அடியில்தான் தங்கியிருக்கும். குறைந்த விலையே கிடைத்தாலும் மறைக்காத வியாபாரத்தில் பரக்கத் உண்டு.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, கடலுக்குச் செல்வோரை நலமுடன் கரை சேர்ப்பானாக! ஆமீன்.