சார்ஜ் ஏறலைன்னா போர்டு போச்சா?

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போனால், திறந்து பார்க்கும் முன்பே வரும் பதில் "போர்டு போயிருக்கும் தம்பி". எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆனால் நமக்கே கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் அந்த வசனத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாதி வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். மீதிப் பாதியை வீட்டில் தொடவே கூடாது!

முதலில் சுவர்ப் பக்கம். எங்கள் கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்கள் நிறைய. அந்தச் சதுர மூன்று பின் பிளக்கை மாற்றியில் செருகி ஆட விட்டிருப்போம். அடுத்து அடாப்டர். அதில் 19 அல்லது 19.5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், மல்டிமீட்டரில் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். சில கம்பெனி சார்ஜர்களில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அடாப்டரை அடையாளம் காட்டும் ஊசி அது. வளைந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. அப்புறம் போர்ட்டில் தூசி. லேப்டாப்பை அணைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். குண்டூசி வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் பின் ஆடினால்தான் ஜாக் கோளாறு. அதில் இரண்டு வகை. வயரோடு தனியாக வருவது ஒன்று. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழையதை உருவி அதே மாடல் ஜாக்கைச் செருகினால் முடிந்தது. சால்டரிங்கே தேவையில்லை. மற்றது மதர்போர்டிலேயே பற்றவைத்தது. போர்டின் செம்புப் படலம் சூட்டை இழுத்துக்கொள்ளும். வீட்டு 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தி இழுத்தால் செம்பு வளையமே பெயர்ந்து வந்துவிடும். டைப்-சி என்றால் 24 பின். அதை ஹாட் ஏர் வைத்திருக்கும் தேர்ந்த கைக்கே விட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

காமர்ஸ் படிப்பவன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? 40,000 ரூபாய் லேப்டாப்புக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் போட்டால் மூன்றாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 8,640 ரூபாய். ஆனால் அதில் பிராஜெக்ட் செய்யும் மாணவனுக்கு அதன் பயன் 40,000தான். புத்தக மதிப்பு குறைந்துவிட்டது என்பதற்காக ஒரு சின்ன ஜாக்குக்காக முழுசையும் தூக்கிப் போடுவது என்ன நியாயம்? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ!

குற்றம் நம்மிடம் மட்டுமில்லை. தினமும் செருகி உருவும் பாகம் தேயும் என்று தயாரிப்பவருக்குத் தெரியாதா? ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் புது லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியது. ஒரே சார்ஜர், நல்லதுதான். ஆனால் அந்த போர்ட்டை மதர்போர்டிலேயே பற்றவைத்தால் பழுது பார்ப்பது இன்னும் கஷ்டமாகும். அமெரிக்காவின் பிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் வெளிப் போர்ட்டைக் கழற்றி மாட்டும் துண்டாகவே தருகிறது. தேய்வது அந்தத் துண்டுதான். அப்படியானால் மற்றவர்களாலும் முடியும். நம் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022 ஜூலையில் குழு அமைத்து, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. உதிரிபாகம் ஊர்க் கடைக்கும் நியாய விலையில் கிடைத்தால்தான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

லேப்டாப் வாங்கும்போது ராம் எவ்வளவு என்று கேட்கிறோம். இனிமேல் இதையும் கேட்போமே: "சார்ஜ் ஜாக் தனியாக மாற்ற முடியுமா?" நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியிடம் கேட்பார். நீங்க என்ன நினைக்கிறீங்க?