விளையாட்டிலே ஒரு வெடிமருந்து!

ஆலங்குளம் வட்டாரத்திலே, பட்டாசு ஆலைக்குள் நுழையும் தொழிலாளி தீப்பெட்டியை மடியிலே கொண்டு போவதில்லை. பொறி ஒன்று போதும், ஊரே கண்ணீர் வடிக்கும் என்பதை அவன் அறிவான். மருந்தைப் பக்குவமாகக் கையாளும் அதே கரத்திலே, மாலை வேளையில் கைப்பேசி தவழ்கிறது. அதிலும் மருந்து உண்டு, திரி உண்டு. அதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எவர்?

"வைரம் இலவசம்! ஆயுதம் இலவசம்! இந்தச் செயலியை இறக்கிக்கொள்!" என்று அழைப்பு வருகிறது. தொழிலாளி வீட்டுச் சிறுவன் தொடுகிறான். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கிறது செயலி, கொடுத்துவிடுகிறான். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் இனி இருவர் கண்ணிலே படுகிறது: ஒருவர் வீட்டிலே, மற்றவர் எங்கோ! விளையாட்டுக் கணக்கும் போகிறது. வாரக் கூலியும் போகிறது.

"பேராசைக்குக் கிடைத்த பரிசு" என்கின்றனர் பெரிய மனிதர்கள். அப்படியா சேதி? சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் அமைப்பிலே, 2011 ஏப்ரலில் ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் கள்வருக்கு எட்டும்படி ஆயின. 2025 பிப்ரவரியில், ஸ்டீம் எனும் புகழ்மிக்க விளையாட்டுக் கடையிலேயே 'பைரேட்ஃபை' என்ற விளையாட்டு, தீநிரலைச் சுமந்து வந்தது, பிறகுதான் நீக்கப்பட்டது. அங்கே பேராசைப்பட்டவர் எவர்? கோட்டையைக் காக்கத் தவறியவர் கனவான். குடிசையிலே ஏமாந்தவன் குற்றவாளி! இதுவா நீதி?

இணையச் சூதை ஒழிக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் மசோதா நிறைவேற்றிற்று. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகு, ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடுக்க நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிற்று. தமிழகம் முன்னே சொன்னதை டில்லி பின்னே சொன்னது, வரவேற்கிறோம். ஆனால், தலைவாசலை அடைத்தால் போதுமா? கொல்லைப்புறம் திறந்துகிடக்கிறதே! கைக்குக் கை மாறும் கள்ளச் செயலி, சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறது?

எனவே மூன்று கேட்கிறோம். ஒன்று: செயலி கேட்கும் ஒப்புதலும், தரும் எச்சரிக்கையும் தமிழிலே வேண்டும். புரியாத மொழியிலே பெற்ற சம்மதம் சம்மதமாகுமா? இரண்டு: கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் எல்லாக் கணக்குக்கும் தொடக்கத்திலேயே வேண்டும், விரும்பியவர் தேடிப் போட்டுக்கொள்ளும் பூட்டாக அது இருத்தல் ஆகாது. மூன்று: பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 எனும் எண், பள்ளிச் சுவரிலும் ஆலை வாயிலிலும் பெரிதாக எழுதப்பட வேண்டும். விரைந்து சொன்னால், கள்வன் எடுக்குமுன் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. தயங்கினால், பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

ஆலைச் சுவரிலே எச்சரிக்கை எழுதுவது தொழிலாளி அறிவிலி என்பதற்காக அல்ல. அவன் உயிர் அருமையானது என்பதற்காக! அவன் வியர்வை மட்டும் மலிவா? உழைப்பவன் உயிருக்கு ஒரு வேலி வேண்டும். உழைத்த காசுக்கும் ஒரு வேலி வேண்டும்! அதைப் போடும் கடமை, அவனால் இலாபம் பெறுவோருக்கும் அவனை ஆள்வோருக்கும் உண்டு!