குளவியின் மோப்பமும் மருந்துத் தெளிப்பும்

விரத நாட்களில் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீடுகளில் சாபுதானா கிச்சடி அடுப்பேறும். அதற்கான ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. அப்பயிருக்கு அண்மையில் ஒரு பெரும் பகை தோன்றிற்று. 2020-ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே தமிழ்நாட்டிலும் பரவிக் குருத்துக்களைச் சுருட்டிக் குறுகச் செய்தது.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சியை ஆப்பிரிக்காவில் அடக்கியது, 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்ட அனகைரஸ் லோபெசி என்னும் எள்ளளவேயான ஒட்டுண்ணிக் குளவி. 2021-இல் அது பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

பரந்த தோட்டத்தில், இலையடியில் ஒளிந்திருக்கும் இரையை இக்குளவி தேடியறிவது மோப்பத்தாலேயே. வியப்பு யாதெனில், தொலைவிலிருந்து அதை ஈர்ப்பதில் பெரும்பங்கு செடியினுடையது. பூச்சி தாக்கிய செடியின் வாடையையும் நலமான செடியின் வாடையையும் எதிரெதிரே வைத்து 1980-களில் சோதித்தபோது, பெண் குளவி முன்னதையே நாடிற்று. தாக்குண்ட செடியில் பூச்சி படாத இலைகூட அதை ஈர்த்தது. சாறு இழந்த செடி முழுவதுமே தன் வாடையை மாற்றிக்கொள்கிறது என்க. அருகில் வந்த குளவி உணர்கொம்புகளால் தட்டிப் பார்த்துப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்றுவிட, வெறுந்தோல் பழுப்புநிறக் கூடாக இறுகும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் புதிய குளவி அதில் வட்டத் துளையிட்டு வெளியேறும்.

அந்த மூன்று வாரப் பொறுமைதான் கிட்டுவதில்லை. குளவியை விட்ட மறுவாரமும் வெண்மை மறையாதது கண்டு விவசாயி மருந்தடிக்கிறார். “எதற்கும் ஒருமுறை அடித்துவிடுங்கள்” என்று கள ஊழியரே கூறுவதும் உண்டு. இது தவறான யோசனை. மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு. வாடையைத் தொடர்ந்து அதே குருத்துக்கு வந்து சேரும் குளவிக்கு யாதொரு காப்பும் இல்லை. நுனிகளை வெட்டி எரிப்பது தொடக்கத்தில் ஏற்றதே. ஆயினும் குளவி விட்ட தோட்டத்தில், பழுப்புக் கூடுகள் உண்டா என்று பாராமல் எரித்தல் கூடாது.

அறிக்கைகளில் விடப்பட்ட குளவிகளின் தொகை மட்டும் இடம்பெற்றால் அது பாதிக் கணக்கே. துளையிட்ட கூடுகள் குருத்துக்கு எத்தனை என்பதும் எழுதப்பட வேண்டும். அதற்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி போதும். மரவள்ளி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள், துளை விழாத கூடுகள் சிலவற்றைப் புட்டியிலிட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி வகுப்பில் வைக்கலாம். வெளிவரும் குளவிகளை மாணவர் எண்ணிய பின், எடுத்த தோட்டத்திலேயே திறந்துவிடுக.