ஆச்சியின் கழிவுக் கணக்கு

பி.காம். படித்தவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், பழைய கணக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துவிடுவான். ஆச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்கு அதுதான் நடந்தது.

ஆச்சி என்றால் என் அம்மாவைப் பெற்றவள். ஊர், ஆலங்குளம் பக்கம். 2019-ல் அதைத் தென்காசி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆச்சிக்குக் கடைசி வரை திருநெல்வேலி ஜில்லாதான். ("அவிய மாத்துனா நாமளும் மாறணுமாக்கும்?") அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்த பெரிய மாமா, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து, "நீதானல கணக்குப் படிச்சவன், பாரு" என்று என் மடியில் போட்டார். பாஸ்புத்தகங்கள்!

பேங்க் பாஸ்புத்தகமாக்கும் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. பொய் சொல்வானேன்! பிரித்தால், பீடிக்கடை பாஸ்புத்தகம். இத்தனை கிலோ இலை கொடுத்தோம், இவ்வளவு தூள் கொடுத்தோம், இத்தனை பீடி திரும்பி வந்தது என்று கணக்கப்பிள்ளை கிறுக்கி வைத்தது.

பீடி சுற்றுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று எங்கிருந்தோ காடு தாண்டி வருகிற இலை அது. ராத்திரியே நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகடு வைத்து அளவாகக் கத்தரித்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையிலும் தூளைப் பரப்பிச் சுற்றி, நூல் கட்டி, வாயை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆயிரம். கூலி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான்.

தாத்தா போனபோது ஆச்சிக்கு மூன்று பிள்ளைகள், கடைசி மாமா கைக்குழந்தை. அன்றைக்கு மடியில் வைத்த சுளகை அவள் இறக்கி வைக்க நாற்பது வருஷம் ஆனது. இரண்டு மாமாக்களின் படிப்பும் அம்மாவின் கல்யாணமும் அந்தச் சுளகிலிருந்துதான் வந்தன. அம்மா சத்துணவு வேலைக்குப் போய்விட, என்னை வளர்த்ததும் அந்தச் சுளகுக்குப் பக்கத்தில்தான். எங்கள் வீட்டுத் தலையணைக்கும் புகையிலை வாசம், தயிர் சாதத்துக்கும் புகையிலை வாசம். ராத்திரியில் ஆச்சி இருமுவாள். கேட்டால், "தூள் நெடி எய்யா, நீ உறங்கு" என்பாள். என் காலேஜ் முதல் வருஷ ஃபீஸ், அவள் தள்ளி எடுத்த சீட்டுப் பணம்.

கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு நாளைக்கு 800, வருஷத்துக்கு 250 நாள், நாற்பது வருஷம்...

"எண்பது லட்சம்!" என்று கத்திவிட்டேன்.

அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் என் மனைவி. "எங்கே? எந்த பேங்க்ல?"

"பீடி" என்றேன். அவள் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

விஷயம் அதுவல்ல. அந்தப் புத்தகங்களில் 'கழிவு' என்று ஒரு பத்தி. பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிவிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. போன இலைக்கு ஈடாக, வெளியே சொந்தக் காசில் இலை வாங்கித்தான் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். ஆச்சியின் கை சுத்தமான கை. மாதத்துக்கு நாற்பது, ஐம்பதுக்கு மேல் கழிவு போனதில்லை. ஆனால் 1998 மே மாதம்? 190! டிசம்பரில் மறுபடி ஒரு தூக்கல். அடுத்த வருஷமும் அதே மே, அதே டிசம்பர். 2001-க்கு அப்புறம் சட்டென்று பழையபடி நாற்பது.

கணக்கில் இப்படி ஏறி இறங்கினால் 'காரணம் தேடு' என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் இலை காய்ந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். டிசம்பருக்கு அது பொருந்தவில்லை. மே, டிசம்பர்... முழுப்பரீட்சை லீவு, அரைப்பரீட்சை லீவு...

அடப்பாவி, நான்!

லீவு விட்டால் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆச்சி சுற்றிப் போடப் போட, சின்ன இரும்புக் குச்சியால் வாய் மடக்குவது என் இலாகா. (பீடி சுற்றுவதில் சிறுவர்களை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் உண்டு. வீட்டில் குடும்பத்தோடு செய்தால் அப்போது அதில் விதிவிலக்கும் உண்டு. எனக்கு இரண்டுமே தெரியாது.) பத்துக் கட்டுக்கு ஒரு ரூபாய் சம்பளம். "நல்லா மடக்குதியே எய்யா!" என்று சாயங்காலம் சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுப்பாள். நான் பால் ஐஸ் வாங்கிச் சப்பிக்கொண்டே, குடும்பத்தைத் தாங்குகிற ஆம்பிளை மாதிரி தெருவில் நடப்பேன். ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் வந்து என் உத்தியோகம் போயிற்று. 'நான் இல்லாமல் ஆச்சி என்ன கஷ்டப்படுகிறாளோ' என்று நிஜமாகவே கவலைப்பட்டேன் சார்.

அம்மாவிடம் ஓடினேன். "ஏம்மா, இந்தக் கழிவெல்லாம் நான் மடக்கினதுன்னு ஆச்சிக்குத் தெரியுமா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "தெரியாம இருக்குமா? நீ உறங்கினப்புறம் உன் தட்டை எடுத்து வச்சுக்கிட்டு, நாப்பது வாட்ஸ் பல்புல ஒவ்வொண்ணாப் பார்ப்பா. வாய் கிழிஞ்சதைப் பூரா பிரிச்சு, வேற இலை போட்டுச் சுத்துவா. பன்னெண்டு, ஒரு மணி ஆயிரும். அதுலயும் கண்ணுக்குத் தப்பினதுதான் அங்க கழிவு. நான் சண்டை போடுவேன். 'பயலை எந்திரிக்கச் சொல்லும்மா'ம்பேன். 'பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருக்கான், இருந்துட்டுப் போறான்'ம்பா."

வெங்காயம் உரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

பெரிய மாமா எட்டிப் பார்த்தார். "என்னல, கணக்கு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மாமா" என்றேன்.

புத்தகங்களை அடுக்கி ரப்பர் பேண்டை இழுத்தேன். பழசு, பட்டென்று அறுந்தது. பெட்டி மூலையில் பீடிக்குக் கட்டுகிற சிவப்பு நூல் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. அதை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "முடிச்சா இது? அவ இருந்தா, நீ உறங்கினப்புறம் அவுத்துக் கட்டியிருப்பா."